சர்வரில் டிஸ்க் மெதுவாகிறதா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போவது

"சர்வர் மெதுவாக இருக்கிறது" என்ற புகாருக்கு அடுத்த வாக்கியம் மதுரையில் எங்கே போனாலும் ஒன்றுதான்: "எஸ்எஸ்டி போட்டுவிடலாமா?" கீழமாசி வீதி பலசரக்கு மண்டியானாலும் சரி, அண்ணா நகர் ஸ்கேன் சென்டரானாலும் சரி, இலந்தைக்குளம் எல்காட் வளாகத்து மென்பொருள் அலுவலகமானாலும் சரி. தாராளமாகப் போடலாம். ஆனால் கோளாறு கேபிளிலோ, பேட்டரியிலோ, பட்டப்பகலில் ஓடும் பேக்கப்பிலோ இருந்தால், புது டிஸ்க்கும் பழைய டிஸ்க்கைப் போலவே முனகும். பணம் போனதுதான் மிச்சம்.

எப்போது மெதுவாகிறது, எந்த வேலையில் மெதுவாகிறது, யாருடைய மேசையில் மெதுவாகிறது? இந்த மூன்றுக்கும் பதில் வாங்காமல் திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டாம். மூன்றில் 'எப்போது' என்பதற்கே முதலிடம். கடைக்காரரிடம் "எவ்வளவு மெதுவாக இருக்கிறது அண்ணாச்சி?" என்று கேட்டால் "ரொம்ப" என்பார். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டுப் பாருங்கள், துல்லியமாகச் சொல்வார். அவர் வியாபாரம் அந்த நேரத்தில்தான் நிற்கிறது.

கீழே லினக்ஸை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். விண்டோஸ் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில்: குற்றவாளி டிஸ்க்தானா?

'டாப்' கட்டளையை ஓட்டினால் மேலே 'டபிள்யூஏ' என்றொரு சதவீதம் தெரியும். சிபியூ வேறு வேலையின்றி டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரம் அது. இதில் ஒரு கண்ணி உண்டு. 16 கோர் சர்வரில் ஒரே ஒரு வேலை டிஸ்க்கில் மாட்டிக்கொண்டு தவித்தாலும், இந்த எண் ஆறு சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். சின்ன எண்ணாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. லோடு ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை) ஏறிக் கிடக்க, சிபியூ சும்மா இருந்தால் அதுவே போதுமான சாட்சி. லினக்ஸில் டிஸ்க்குக்காக 'டி' நிலையில் உறைந்து நிற்கும் வேலைகளும் லோடு கணக்கில் சேரும்.

அடுத்து 'விஎம்ஸ்டாட்'. அதில் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' என்ற இரண்டு நெடுவரிசைகளும் விடாமல் எண்களைக் காட்டினால், நினைவகம் போதாமல் சர்வர் ஸ்வாப் பகுதியில் (நினைவகத்துக்குப் பதிலாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்தில்) உருண்டுகொண்டிருக்கிறது என்று பொருள். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், எல்லோரும் டிஸ்க்கைத் திட்டுவார்கள். வாங்க வேண்டியது நினைவகம்.

இவை இரண்டும் தாண்டிய பிறகு 'ஐஓஸ்டாட்'. எக்ஸ் விருப்பத்தோடு, சில விநாடி இடைவெளியில் ஓட விடுங்கள். முதல் அறிக்கையைக் கண்டுகொள்ள வேண்டாம். அது சர்வர் பூட் ஆனதிலிருந்து இன்றுவரையிலான சராசரி, இன்றைய சிக்கலை அதில் காண முடியாது. இரண்டாவதிலிருந்து பாருங்கள். படிப்பதற்கு 'ஆர்-அவெயிட்', எழுதுவதற்கு 'டபிள்யூ-அவெயிட்' என்று மில்லி விநாடியில் இரண்டு எண்கள் வரும். ரேஷன் கடையில் வரிசையில் நின்ற நேரமும் எடை போட்ட நேரமும் சேர்ந்த மொத்தம் மாதிரிதான் இந்த எண். வரிசை நீண்டதால் தாமதமா, எடை போடுபவரே மந்தமா என்பதைப் பக்கத்தில் இருக்கும் வரிசை நீளத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். வரிசை நீளம், தாமதம் இரண்டும் ஏறியிருந்தால் யாரோ அளவுக்கு மீறி வேலை கொடுக்கிறார்கள். வரிசை ஒன்றுக்கும் கீழே இருக்க, தாமதம் மட்டும் நூற்றுக்கணக்கில் நின்றால் டிஸ்க்குக்கோ அதற்குப் போகும் வழிக்கோ உடம்பு சரியில்லை.

'யூடில்' நூறு சதவீதம் என்றவுடன் பதறுகிறவர்கள் உண்டு. ஒற்றை ஹார்ட் டிஸ்க்குக்கு அந்த எண் பொருந்தும். ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்க்கும் எஸ்எஸ்டிக்கும், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த ரெய்டு தொகுப்புக்கும் அதை நம்பாதீர்கள், நூறு காட்டிக்கொண்டே இன்னும் பல மடங்கு வேலையை வாங்கும்.

எவ்வளவு இருந்தால் சரி? 7200 சுற்று ஹார்ட் டிஸ்க் ஒரு முறை சுழல 8.3 மில்லி விநாடி ஆகும். தேடும் இடம் சராசரியாக அரைச் சுற்றுத் தள்ளி இருக்கும், ஆக 4.2. தலை நகர்வதற்குச் சுமார் 8. கூட்டினால் ஒரு சிதறிய வேலைக்கு 12 மில்லி விநாடி, விநாடிக்கு 80 வேலைகள். இயற்பியல் அதற்குமேல் அனுமதிக்காது. தொடர்ச்சியாகப் படித்தால் அதே டிஸ்க் விநாடிக்கு 150 எம்பிக்கு மேலும் தரும். "படம் காப்பி செய்தால் பறக்கிறது, பில் போட்டால் தவழ்கிறது" என்ற புலம்பலுக்கு விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. நல்ல எஸ்எஸ்டி ஒரு மில்லி விநாடிக்குள் முடித்துவிட வேண்டும். விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரின் டிஸ்க் பகுதியில் இருக்கும் 'ரெஸ்பான்ஸ் டைம்' இதே வேலையைச் செய்யும்.

அறிகுறி: குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் மெதுவாகிறது

டிஸ்க் நலமாகத்தான் இருக்கிறது, வேறு யாருக்கோ உழைத்துக்கொண்டிருக்கிறது. 'ஐஓடாப்' ஓட்டினால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். இரவில் தொடங்கிய பேக்கப், தரவு பெருகிப் பெருகி, காலைக் கடை திறக்கும் நேரத்தையும் தாண்டி ஓடுவதுதான் வழக்கமான காட்சி. அடுத்த இடம் முழுச் சோதனை நடத்தும் ஆன்டிவைரஸுக்கு. பேக்கப்பின் தொடக்க நேரத்தை முன்னே தள்ளுங்கள். லினக்ஸில் 'ஐஓநைஸ்' கொண்டு அதன் முன்னுரிமையைக் குறைக்கலாம், ஆனால் டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலர்கள் எல்லாமே அதை மதிப்பதில்லை. 'பிஎஃப்கியூ' முழுமையாக மதிக்கும்.

ஐஓடாப்பில் பெரிதாக எவரும் தென்படவில்லை, டிஸ்க் மட்டும் மூச்சு வாங்குகிறது என்றால் மென்பொருள் ரெய்டைச் சந்தேகியுங்கள். 'எம்டிஸ்டாட்' கோப்பை (/proc/mdstat) திறந்து பாருங்கள். டெபியன், உபுண்டு சர்வர்களில் மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலையில் ரெய்டு முழுவதையும் சரிபார்க்கும் வேலை தானாகக் கிளம்பும். 4 டிபி டிஸ்க்கை விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் படித்தாலே ஏழரை மணி நேரம் ஆகும். இடையில் வேறு வேலைகளும் வந்தால் ஞாயிறு மாலைவரை இழுக்கும். ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் குறையாத ஜவுளிக்கடைக்கு இது பெரிய தொல்லை, வேறு கிழமைக்கு மாற்றிவிடுங்கள்.

இதன் உறவுக்காரன் ஒருவன் நம் ஊரில் அடிக்கடி வருவான். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குப் போன மின்சாரம் மாலையில்தான் திரும்பும். யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்குமா? சர்வர் பட்டென்று அணையும். மின்சாரம் வந்து சர்வர் எழுந்ததும், ரெய்டின் இரண்டு பிரதிகளும் ஒத்திருக்கின்றனவா என்று தலை முதல் கால் வரை ஒப்பிடத் தொடங்கும். மறுநாள் காலை வரும் "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது" அழைப்பு இதனால்தான். ரெய்டில் 'ரைட் இன்டென்ட் பிட்மேப்' வசதியைப் போட்டு வைத்திருந்தால், அணையும் நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த பகுதிகளை மட்டும் ஒப்பிட்டுச் சில நிமிடங்களில் முடித்துவிடும். பழைய தொகுப்புகளில் இது இல்லாமலேயே இருக்கும். 'எம்டிஅட்மின்' கட்டளையால் ஓடும் தொகுப்பிலேயே சேர்க்கலாம். அவசரத்துக்கு ஒப்பீட்டு வேகத்தின் மேல் வரம்பைக் குறைக்கலாம், அதன் இயல்பான அளவு விநாடிக்கு 2,00,000 கேபி. டிஸ்க் மாற்றிய பின் நடக்கும் மறுகட்டுமானத்துக்கு மட்டும் இந்த வரம்பைக் குறைக்காதீர்கள். அது முடியும்வரை இன்னொரு டிஸ்க் போனால் தரவும் போகும்.

அறிகுறி: படிப்பது சரி, எழுதுவது மட்டும் படுத்துவிட்டது

நேற்று 2 மில்லி விநாடியில் இருந்த 'டபிள்யூ-அவெயிட்' இன்று 40, 60 என்று நிற்கிறது, படிக்கும் வேகத்தில் மாற்றமில்லை. தனி ரெய்டு கார்டு உள்ள சர்வர் என்றால் நேராகப் பேட்டரியைப் பாருங்கள்.

கார்டில் இருக்கும் கேச் நினைவகம், எழுத வந்த தரவை வாங்கிவைத்துக்கொண்டு "எழுதியாயிற்று" என்று உடனே பதில் சொல்லிவிடும். பிறகு சாவகாசமாக டிஸ்க்கில் இறக்கும். இதற்கு ரைட்-பேக் என்று பெயர். இடையில் மின்சாரம் போனால் அந்தத் தரவைக் காப்பது பேட்டரி. பேட்டரி பலவீனமாகிவிட்டது என்று கார்டுக்குத் தெரிந்த கணமே அது ரைட்-த்ரூவுக்கு மாறும். ஒவ்வொரு எழுத்தும் டிஸ்க்கைத் தொட்ட பிறகே பதில் வரும். சத்தமில்லை, சிவப்பு விளக்கும் பல கார்டுகளில் இல்லை, வேகம் மட்டும் பாதாளத்துக்குப் போகும். சில பழைய கார்டுகளில் பேட்டரி தன்னைத்தானே வெளியேற்றி மீண்டும் ஏற்றிக்கொள்ளும் பயிற்சிச் சுற்று ஒன்று உண்டு. அது நடக்கும்போதும் இப்படித்தான், முடிந்ததும் தானாகச் சரியாகும்.

லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. சித்திரை வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில், மாடிப்படிக்குக் கீழே, ஏசி இல்லாத அறையில், மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் சர்வரை வைத்துவிட்டு அந்தப் பேட்டரி விளம்பரத்தில் சொன்ன ஆயுள்வரை உழைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கார்டு தயாரிப்பாளரின் கருவியைத் திறந்தால் பேட்டரி நிலை, கேச் முறை இரண்டும் தெரியும். இணையத்தில் தேடினால் "பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட்-பேக்கைக் கட்டாயப்படுத்து" என்ற அமைப்பும் கிடைக்கும். வேகம் உடனே திரும்பும், உரிமையாளர் கையெடுத்துக் கும்பிடுவார். அடுத்த மின்வெட்டில் கேச்சில் இருந்த கணக்கெல்லாம் காற்றோடு போகும். இந்தக் குறுக்கு வழியை நம் ஊரில் பரிந்துரைப்பவரை மறுமுறை கூப்பிட வேண்டாம் என்பது என் கருத்து.

பேட்டரி நலம் என்றால் ரெய்டு வகையைப் பாருங்கள். ரெய்டு 5-இல் ஒரு சின்ன எழுத்துக்குப் பழைய தரவைப் படித்து, பழைய பேரிட்டியை (டிஸ்க் போனால் தரவை மீட்க உதவும் கணக்கை) படித்து, புதிய இரண்டையும் எழுத வேண்டும்: ஆக நான்கு வேலை. ரெய்டு 6-இல் ஆறு. ரெய்டு 10-இல் இரண்டு. விநாடிக்கு 80 வேலை செய்யும் நான்கு டிஸ்க்குகள் சேர்ந்தால் 320. ரெய்டு 5-இல் அதில் 80 எழுத்துதான் தேறும், ரெய்டு 10-இல் 160. இடம் மிச்சமாகிறதே என்று ரெய்டு 5-இல் டேட்டாபேஸை வைத்தவர்கள் ஒற்றை டிஸ்க்கின் எழுதும் வேகத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

எஸ்எஸ்டியிலும் இந்த அறிகுறி வரும். டேட்டாபேஸ் ஒவ்வொரு பில்லுக்கும் "நிரந்தரமாக எழுதியாயிற்றா?" என்று டிஸ்க்கை உறுதி கேட்கும். மின்வெட்டுப் பாதுகாப்பு மின்தேக்கி உள்ள சர்வர் வகை எஸ்எஸ்டி உடனே தலையாட்டும். லேப்டாப்புக்கான மலிவு எஸ்எஸ்டி ஒவ்வொரு முறையும் உண்மையாகவே ஃபிளாஷில் எழுதி முடித்துவிட்டு வரும். பெட்டியில் அச்சிட்ட விநாடிக்கு 500 எம்பி இங்கே எதற்கும் உதவாது. மைஎஸ்க்யூஎல்லில் இந்த உறுதியைத் தளர்த்தும் அமைப்பை 1-இலிருந்து 2 ஆக்கினால் வேகம் கூடும், மின்சாரம் போகும்போது கடைசி ஒரு விநாடி அளவுக்குப் பதிவுகள் போகலாம். அந்த ஒரு விநாடி யாருடைய பணம் என்று உரிமையாளரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

அறிகுறி: பல விநாடி உறைந்து நிற்கிறது, பிறகு ஒன்றும் நடக்காதது போல ஓடுகிறது

இதைப் பார்த்தால் வேறு எதையும் தொடுவதற்கு முன் பேக்கப் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். சாகப்போகும் டிஸ்க் இப்படித்தான் முன்னறிவிப்புத் தரும்.

கெட்டுப்போன ஓரிடத்தைப் படிக்க முடியாமல் டிஸ்க் திரும்பத் திரும்ப முயல்கிறது. ரெய்டுக்கென்று செய்த டிஸ்க்குகள் பொதுவாக ஏழு விநாடியில் கைவிட்டு "முடியவில்லை" என்று சொல்லிவிடும், மற்ற பிரதியிலிருந்து தரவு வந்துவிடும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் நிமிடக் கணக்கில்கூட மல்லுக்கட்டும். லினக்ஸ் 30 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு இணைப்பையே மீட்டமைக்கும். அத்தனை நேரமும் கவுன்டரில் எல்லாத் திரையும் உறைந்திருக்கும்.

'டிமெசேஜ்' (dmesg) என்ற கர்னல் பதிவில் மீட்டமைப்பு, ஐஓ எரர் என்ற வரிகளைத் தேடுங்கள். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் 129 என்றால் டிஸ்க் மீட்டமைக்கப்பட்டது, 153 என்றால் ஒரு வேலை மறுபடி முயலப்பட்டது, 7 என்றால் கெட்ட பகுதி. பிறகு, டிஸ்க் தன் உடல்நலத்தைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' பதிவைக் காட்டும் 'ஸ்மார்ட்கன்ட்ரோல்' (smartctl) கட்டளையில் நான்கு எண்கள். 5 என்பது மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகள், 197 என்பது முடிவு தெரியாமல் நிலுவையில் இருப்பவை, 198 என்பது திருத்த முடியாதவை. 197 ஏறிக்கொண்டே போகும் டிஸ்க்குக்கு வைத்தியம் இல்லை, மாற்ற வேண்டியதுதான். டிஸ்க் ரெய்டு கார்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால், கார்டின் வகையையும் டிஸ்க்கின் எண்ணையும் கட்டளையில் சேர்த்துச் சொல்ல வேண்டும். "ஸ்மார்ட் வேலை செய்யவில்லை" என்று பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

நான்காவது எண் 199. மற்ற மூன்றும் சுத்தமாக இருந்து இது மட்டும் ஏறினால் டிஸ்க்கின் மேல் பழி போடாதீர்கள். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே வரும்வழியில் தரவு சிதைந்த எண்ணிக்கை அது. சாட்டா கேபிள் தளர்ந்திருக்கும், அல்லது இணைப்பில் தூசி படிந்திருக்கும். சில நேரம் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சலித்துப்போய் 6 ஜிபிட் இணைப்பைப் படிப்படியாக 1.5 ஜிபிட்டுக்கு இறக்கிவிட்டு, அதை டிமெசேஜில் ஒரு வரியாக எழுதியும் வைத்திருக்கும். மலிவான ஒரு கேபிளில் தீரும் வேலை. கேபிளை மாற்றிய பிறகும் 199 பூஜ்யத்துக்குத் திரும்பாது, அது வாழ்நாள் கணக்கு. அன்றைய எண்ணைக் குறித்துவைத்து, மறுவாரம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: தொடக்கத்தில் பறக்கிறது, போகப்போகத் தவழ்கிறது

கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர்களின் புகார் இது. முகூர்த்த மாதத்தில் நூற்றுக்கணக்கான ஜிபியை ஒரே மூச்சில் ஏற்றுவார்கள். முதல் சில ஜிபி கண்மூடித் திறப்பதற்குள் போவது லினக்ஸின் நினைவகக் கேச்சால். 32 ஜிபி நினைவகம் இருந்தால் சுமார் ஆறு ஜிபிவரை, டிஸ்க் எழுதி முடிப்பதற்குக் காத்திராமலேயே வாங்கி வைத்துக்கொள்ளும். இது கோளாறு அன்று, உண்மையான வேகம் அதன்பின் தெரிவதுதான்.

எஸ்எஸ்டியாக இருந்தால் அடுத்த படி உண்டு. மலிவு வகைகள் தம் ஃபிளாஷில் ஒரு பகுதியை வேகமான தற்காலிக இடமாகப் பயன்படுத்தும். அது நிரம்பியதும் சிலவற்றின் வேகம் ஹார்ட் டிஸ்க்குக்கும் கீழே போகும். சிறிது நேரம் ஓய்வு கொடுத்தால் மீளும். ஓய்வுக்குப் பதில் மேசை மின்விசிறியைத் திருப்பி வைத்தால் வேகம் மீள்கிறதா? அப்படியானால் சூடுதான் காரணம். என்விஎம்இ வகைகள் பெரும்பாலும் 70 டிகிரியைத் தாண்டிய பின் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும்.

ஹார்ட் டிஸ்க்கில் இதே நடத்தை தெரிந்தால் அது எஸ்எம்ஆர் வகையா என்று மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். தடங்களைக் கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி எழுதுவதால், ஒன்றைத் திருத்த அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். பேக்கப்புக்குச் சரி, ரெய்டுக்குள் விடாதீர்கள்.

சர்வர் கிளவுடில் இருந்தால் கணக்கு வேறு. அமேசானின் பழைய ஜிபி2 வகையில் ஒரு ஜிபிக்கு விநாடிக்கு மூன்று வேலை என்பதே அடிப்படை உரிமை. 100 ஜிபிக்கு 300. சேமித்த கடன் இருக்கும்வரை 3,000 கிடைக்கும், முழுவேகத்தில் ஓட்டினால் சுமார் அரை மணி நேரத்தில் கடன் தீரும். ஜிபி3-க்கு மாறினால் அளவு எதுவானாலும் 3,000.

அறிகுறி: மாதக் கணக்கில் மெல்ல மெல்ல மெதுவாகிவந்தது

தரவு வளர்ந்திருக்கிறது, வேறெதுவும் வளரவில்லை. ஸ்கேன் சென்டரில் நோயாளியின் பெயரைத் தேடினால் அட்டவணை முழுவதையும் டிஸ்க்கிலிருந்து படிக்கிறது என்றால், இன்டெக்ஸ் போட வேண்டிய ஆள் மென்பொருள் எழுதியவர். வேறு சில காரணங்கள்: டிஸ்க் விளிம்புவரை நிரம்பியிருப்பது, அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் 'டிரிம்' போகாமல் இருப்பது (வாரம் ஒருமுறை ஓடும் 'எஃப்எஸ்டிரிம்' டைமர் இயங்குகிறதா என்று பாருங்கள்), ஒரே அடைவில் லட்சக்கணக்கில் சின்னக் கோப்புகள்.

அறிகுறி: சர்வரில் உட்கார்ந்து பார்த்தால் வேகம், மற்ற மேசைகளில்தான் மந்தம்

டிஸ்க்கை விடுங்கள், நெட்வொர்க்கைப் பிடியுங்கள். கோப்பு நகல் சரியாக விநாடிக்கு 11 எம்பியில் நிற்கிறதா? இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. ஜிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். மண்டிக் கிடங்குகளில் எலி கடித்த கேபிள் அறுந்தே போயிருந்தால் உடனே தெரிந்திருக்கும். ஒரு கம்பியை மட்டும் அது கடித்து வைத்தால்தான் இப்படி அரை உயிரில் ஓடும். இணைப்பின் வேகத்தை 'ஈத்டூல்' கட்டளை ஒரு வரியில் சொல்லிவிடும்.

மெய்நிகர் சர்வராக இருந்தால் இரண்டே கேள்வி: டிஸ்க் டிரைவர் பழைய ஐடிஇ டிஸ்க்கைப் போல நடிக்கும் மெதுவான வகையா, மெய்நிகர் சர்வருக்கென்றே செய்த விர்ட்ஐஓவா? எப்போதோ எடுத்து மறந்துபோன ஸ்னாப்ஷாட்டுகள் (டிஸ்க்கின் அந்த நேரத்து நிலைப் பதிவுகள்) சங்கிலியாகத் தொங்குகின்றனவா?

சோதித்துப் பார்க்கும்போது

'டிடி' கட்டளையால் பூஜ்யங்களை எழுதிப் பார்த்து வேகத்தைச் சொல்பவர்கள் நினைவகத்தின் வேகத்தைத்தான் அளக்கிறார்கள். 'எஃப்ஐஓ' என்ற சோதனைக் கருவியைப் பயன்படுத்துங்கள். கேச்சைத் தவிர்க்கும் 'டைரக்ட்' விருப்பத்தோடு, 4 கேபி அளவில், சிதறிய முறையில், நினைவகத்தைவிடப் பெரிய ஒரு சோதனைக் கோப்பின் மேல். கோப்பின் மேல்தான், டிஸ்க்கின் பெயரை நேராகக் கொடுத்து எழுதும் சோதனை வைத்தால் அதிலிருக்கும் தரவு மொத்தமும் அழியும். வியாபார நேரத்தில் இதை ஓட்டினால் நீங்களே இன்னொரு பேக்கப் வேலை ஆகிவிடுவீர்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் டிஸ்க்கைத்தான் மாற்ற வேண்டும் என்றால் மின்வெட்டுப் பாதுகாப்புள்ள எஸ்எஸ்டியாகக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதலாகத்தான் இருக்கும். பழைய டிஸ்க்கின் ஐஓஸ்டாட் எண்களை, கூட்டமான நேரத்தில் எடுத்ததாக, ஒரு தாளில் எழுதி சர்வரின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு அதன்பின் கழற்றுங்கள். உங்கள் பகுதிக்கு மின்வாரியம் அறிவித்திருக்கும் பராமரிப்பு நாளுக்கு முந்தைய இரவில் மட்டும் மாற்ற வேண்டாம். மறுகட்டுமானம் பாதியில் இருக்கும்போது காலை ஒன்பது மணி வந்துவிடும்.